கீழாநெல்லி பறிக்க அரை மணி நேரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து முளைத்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அம்பாங்கானில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம், காலி பெயின்ட் டின் ஒன்றில் ஒரு செடி தானாக முளைத்திருந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்கா, "என்னா செடி தம்பி அது?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராது. "கீழாநெல்லிக்கா. மஞ்சக்காமாலைக்குக் கேக்கும்," என்றேன். அக்கா என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மரியாதை சரியாக மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் அவர் கிட்டே வந்து, குனிந்து, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "கீழாநெல்லின்னா எலைக்கு அடியில வரிசையா காய் இருக்கணும்லா தம்பி. இது புளியங்கன்னு. நீங்க ரசம் வச்சிட்டு வீசுன கொட்ட மொளைச்சிருக்கு."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். என்னைவிட மோசமாகச் செடி தெரியாத ஒருவனை உண்டாக்கி, என்னைவிடப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டால் மனசு ஆறும் அல்லவா. எழுத்தாளர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். வெளியே சொல்லமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "1951. அவசரகாலத்தின் இருள் மலாயாவின் மீது கவிந்திருந்தது. புக்கிட் பெலண்டோக் காட்டோரத்தில் எங்கோ துப்பாக்கி வெடிக்கும் ஓசை—"

வேண்டாம். இந்தக் கதையில் யாரும் யாரையும் சுடப்போவதில்லை. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாமல் போகக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்: "அரசமரத்தைப் போல அசையாது நின்றான் சன்னாசி—"

அரசமரத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வள்ளியம்மா அக்கா படித்தால் என்ன சொல்வார்?

மூன்றாம் தொடக்கம்: சன்னாசி கொஞ்ச நேரம் தனியாக உட்கார ஆசைப்பட்டான்.

இது போதும். கதையே இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதனால் வந்த வினை.

3

கல்லுமலை ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடாதீர்கள், வரைபடத்தில் இருக்காது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசியோ மருந்தோ கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு கேட். கேட்டில் போலீஸ். காலையில் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போகும்போதும் சோதனை, திரும்பும்போதும் சோதனை.

பால்மரம் வெட்டும் சன்னாசிக்குப் பேர்தான் சன்னாசி. மனைவி மங்கம்மா, ஐந்து பிள்ளைகள், ஒரே அறை. அறை நடுவில் சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ராமசாமி குடும்பம். ராமசாமி திரும்பிப் படுத்தால் சன்னாசிக்கு முதுகில் இடிக்கும். காலையில் ரப்பர் காட்டுக்குப் போனால் பின்னாலேயே வேலை வாங்கும் மண்டோர் நிற்பான். கக்கூசுக்குள் போனால்கூட வெளியே ஒருவர் செருமிக்கொண்டு நிற்பார்.

அவன் வெட்டும் மர நிரையின் கடைசியில், கேட்டிலிருந்து கால் மணி நேர நடையில், ஓர் அடிமரக் கட்டை இருந்தது. (பலாவா, பலா மாதிரியே இருக்கும் செம்படாக்கா என்று கேட்காதீர்கள். இலையெல்லாம் எப்போதோ போய்விட்டது.) தினம் காலையில் அதைப் பார்ப்பான். அதில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாலை வாளியில் ஊற்றுவான்.

பிற்பகலில் வெளியே போகப் பாஸ் வேண்டும். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, "எதுக்குப் போறே?" என்று பேனாவைத் தூக்கினார். சும்மா உட்காரப் போகிறேன் என்று எந்தக் கிராணியிடம் சொல்ல முடியும்? கிராணியின் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி. சன்னாசி அதைப் பார்த்தான். அவன் வாய் தானாகத் திறந்தது.

"மூலிகை பறிக்கங்க."

பாஸ் கிடைத்தது. இரண்டரையிலிருந்து மூன்றரை வரை. போக வர நடை போக, கட்டைக்கு அரை மணி நேரம். ஒரே நிபந்தனை: திரும்பும்போது பறித்ததைக் கேட்டில் காட்ட வேண்டும்.

4

சன்னாசியின் தாவர அறிவைப் பற்றி இங்கே ஒரு சிறு கட்டுரை எழுதலாம். மிகச் சிறியது.

அவனுக்குத் தெரிந்த மரம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை அவனைப்போல் யாரும் அறிந்ததில்லை. அவன் நிரையில் இருந்த முந்நூற்று எழுபது ரப்பர் மரங்களையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே சொல்லிவிடுவான். எது மழைக்குப் பிறகு பிணங்கும், எதற்கு உளி ஆழம் பட்டால் காயம் ஆறாது, எல்லாம் அத்துப்படி. அதற்கு வெளியே இருந்த பச்சையெல்லாம் அவனுக்கு வெறும் பச்சைதான்.

எனவே பால் வெட்டுகிறவன் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு முறையைக் கண்டுபிடித்தான். செடியை உளியால் கீறிப் பார்ப்பான். பால் வந்தால் அது வேலை. வேலையை அவன் மத்தியானத்தில் தொடமாட்டான். பால் வராவிட்டால் மருந்து.

உலகத்துச் செடிகளில் முக்கால்வாசி இப்படி மருந்தாகிவிட்டன. லாலாங் புல்லைக் கொண்டு வந்தான். மரத்தில் தொற்றிக் கிடந்த பெரணிச் செடியைக் கொண்டு வந்தான். ஒருமுறை யாருடைய தோட்டத்திலிருந்தோ மிளகாய்ச் செடியை வேரோடு கொண்டு வந்தான். கேட்டில் இருந்த கோப்பரல் யூசோப் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, "போ," என்பார்.

கிராணி பல்வலிக்கு மருந்து கேட்டு ஆளனுப்பினார். அன்று கையில் இருந்த இலையைச் சன்னாசி கொடுத்தான்.* கிராணி மென்றார். நாக்குத் தடித்து இரண்டு நாள் அவரால் வாய் திறந்து யாரையும் திட்ட முடியவில்லை. தோட்டமே சன்னாசியைக் கையெடுத்துக் கும்பிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவன் வாசலில் வரிசை.

(* சேம்பு இலையாக இருக்கலாம். பச்சையாக மென்றால் அப்படிச் செய்யுமாம். இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் எதையும் மெல்லவோ அரைத்துக் குடிக்கவோ வேண்டாம். எழுதுகிறவனின் தகுதியை முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.)

5

வரிசை இங்கே வந்தால் இன்னோர் இடத்தில் குறையும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் குறைந்தது. அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சந்திரன் வெள்ளை மாத்திரை, சிவப்புத் தண்ணி இரண்டையும் வைத்துக்கொண்டு காலியான பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

[இங்கே டிரஸ்ஸரைக் கெட்டவராக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. சன்னாசிக்குச் செடி தெரியாது என்று அந்தத் தோட்டத்தில் சரியாகக் கணித்தவர் அவர் ஒருவர்தான்.]

அந்தச் சமயத்தில் கோப்பரலின் கண் மஞ்சளாயிற்று. வெள்ளை மாத்திரை ஒரு வாரம் உள்ளே போயும் மஞ்சள் இறங்கவில்லை. கோப்பரல் சன்னாசியைக் கூப்பிட்டு, கீழாநெல்லி கொண்டு வா என்றார். டிரஸ்ஸர் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

"நல்லா குடிங்க துவான்," என்றார். (துவான் என்றால் ஐயா.) "ஆனா மொதல்ல அவனுக்குக் கீழாநெல்லி தெரியுமான்னு பாப்போம். நாளைக்கு நான் மூணு செடி வைக்கிறேன். சரியா எடுத்துட்டான்னா நானே அவங்கிட்ட மருந்து வாங்கிக் குடிக்கிறேன்." பிறகு சன்னாசியிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "செடி தெரியாதவனுக்குக் காட்டோரத்துல தெனமும் என்னா வேலை சன்னாசி? யாருக்கு என்னா கொண்டு போற? இதத்தான் ஸ்டேஷன்ல கேப்பாங்க."

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் இடுப்பில் அவித்த மரவள்ளித் துண்டோடு பிடிபட்டு, இரண்டு மாதம் உள்ளே இருந்து, அப்படியே சொந்த ஊருக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தான். பெண்டாட்டி பிள்ளை இங்கே, அவன் அங்கே. சன்னாசியிடம் உண்மை ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால், காட்டோரத்தில் ஒரு கட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எந்த ஸ்டேஷனில் சொன்னால் நம்புவார்கள்? உண்மைதான் அவனிடம் இருந்ததிலேயே மோசமான பொய்யாகத் தெரிந்தது.

6

மறுநாள் மத்தியானம் கேட்டடியில் மேசை போட்டு, மேசையில் மூன்று செடிகள். தோட்டமே திரண்டு நின்றது. வேலிக்குள் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது? மங்கம்மா கடைக்குட்டியை முதுகில் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாலாவதைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் முன்னால் நின்றாள்.

மூன்று செடியும் ஒன்றுபோலவே இருந்தன. மெல்லிய தண்டு, அதில் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். சன்னாசி உளியை எடுத்து முதல் செடியைக் கீறினான். பால் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைத் தொட்டதும் இலைகள் படபடவென்று மூடிக்கொண்டன.

"தொட்டாச்சுருங்கி," என்றான் சன்னாசி. தினமும் காலில் குத்தும் முள் அது, தெரியாமல் இருக்குமா. கூட்டம் கை தட்டியது.

"சரி. மத்த ரெண்டுல எது?" என்றார் டிரஸ்ஸர்.

ஒன்று கீழாநெல்லி. இன்னொன்று புளியங்கன்று. (ஆமாம், என் வீட்டுப் பெயின்ட் டின்னிலிருந்து எடுத்ததுதான். அவமானத்தை வீணாக்கக் கூடாது.) புளியைச் சன்னாசி குழம்பில்தான் பார்த்திருந்தான். முகர்ந்து பார்த்தான். தள்ளி வைத்துப் பார்த்தான். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. இப்போது வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று

இந்த இடத்தில் எனக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வேறு வழியில்லாமல், கோப்பரலைப் பேசவிட்டேன்.

(அவர் மலாயில் பேசினார், சன்னாசி தோட்டத்து மலாயில் பதில் சொன்னான். தமிழில் தருகிறேன். என் மலாயும் என் செடி அறிவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.)

"எங்கள் கிராமத்தில் இந்தச் செடிக்கு டுக்கோங் ஆனாக் என்று பெயர்," என்றார் கோப்பரல், யாரையும் பார்க்காமல், மஞ்சள் கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு. "பிள்ளையை முதுகில் சுமக்கிறவள் என்று அர்த்தம். சும்மா ஞாபகம் வந்தது."

சன்னாசி நிமிர்ந்தான். எதிரே மங்கம்மா நின்றாள். முன்னாலிருந்து பார்த்தால் அவள் மட்டும்தான் தெரிந்தாள். அவள் திரும்பி நாலாவதை அதட்டியபோதுதான் முதுகில் தொங்கிய கடைக்குட்டி தெரிந்தது.

சன்னாசி முதல் செடியின் இலையைத் திருப்பினான். அடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் திருப்பினான். இலைகளுக்கு அடியில், காம்பு நெடுக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை உருண்டைகள் வரிசை பிடித்துத் தொங்கின. மேலே இருந்து பார்த்தபோது அப்படி ஒரு குடும்பம் அங்கே இருப்பதே தெரியவில்லை.

"இதுதான்," என்றான்.

டிரஸ்ஸர் வாக்குத் தவறாதவர். அவருக்கும் ஒரு டம்ளர் அரைத்துக் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்தபடி குடித்து முடித்தார்.

7

இரண்டு வாரத்தில் கோப்பரலின் கண் வெளுத்தது. மருந்தால் வெளுத்ததா, தானாக வெளுத்ததா என்று எனக்குத் தெரியாது. கதைக்கு வெளுத்தால் போதும்.

கேட்டில் யாரும் இல்லாத நேரம் அவர் சன்னாசியைக் கூப்பிட்டார். "முதல் நாளே உன் பின்னால் வந்தேன். துப்பாக்கியோடு. ரப்பர் மரத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் ஒளிந்து நின்றேன். நீ உட்கார்ந்திருந்தாய். நடுவில் முதுகைச் சொறிந்தாய். அதுதான் சிக்னல் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கினேன். யாரும் வரவில்லை. கொசுதான் வந்தது."

சன்னாசியின் கை தானாக முதுகுப்பக்கம் போனது.

"இரண்டாம் நாளும் வந்தேன். நீ மறுபடியும் சும்மா உட்கார்ந்திருந்தாய்."

"மூணாம் நாளு துவான்?"

"மூன்றாம் நாள் கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்டை இருந்தது. நானும் உட்கார்ந்தேன். உனக்கு முதுகைக் காட்டித்தான். போலீஸ் பாராக்கில் ஒரே அறையில் நாங்கள் பதினாறு பேர் தெரியுமா?"

இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "அவ்வளவு நல்ல கோப்பரல் எங்கய்யா இருந்தாரு?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆகவே வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் கோப்பரல் வாய் திறக்கவில்லை. சன்னாசி புளியங்கன்றை எடுக்கிறான். லாரி வருகிறது. மங்கம்மா கேட்டில் நிற்கிறாள், லாரி வளைவில் திரும்பி மறையும் வரை— அதற்கு மேல் எழுதவில்லை. அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. புளியங்கன்றைத் தப்பாகச் சொன்னதற்கு எனக்கு வள்ளியம்மா அக்காவின் சிரிப்பு மட்டும்தான் தண்டனை. சன்னாசிக்கும் அதற்கு மேல் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

8

இத்தோடு கதை முடிந்தது என்று பேனாவை மூடினேன். மங்கம்மா முடிக்கவிடவில்லை.

மேசைப் பரீட்சை நடந்த அன்று மாலை, சோறு பொங்கிக்கொண்டே கேட்டாள். "அந்தச் செடிய டிரஸ்ஸரய்யா எங்க புடுங்குனாருன்னு தெரியுமா?"

"எங்க?"

"நாம தண்ணி புடிக்கிற பைப்படியில. அங்க மொளைச்சுக் கெடக்கு கொள்ளையா. இதப் பறிக்க ஒங்களுக்கு வேலிக்கு வெளியே என்னா வேலை?"

சன்னாசி திரைப்பக்கம் பார்த்தான். ராமசாமி இருமினான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். சன்னாசி அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். கட்டையைப் பற்றியும் சொன்னான்.

[இங்கே அவள் அவனை இன்னொருத்தியோடு சந்தேகப்பட்டுச் சண்டை போடுவதாக இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் மங்கம்மா அப்படிச் செய்யவில்லை. கிழித்துவிட்டேன்.]

"ஒத்தையிலயா?" என்றாள்.

"ஆமா."

"தெனமும்?"

"தெனமும் அர மணி நேரம்."

மங்கம்மா அகப்பையை வைத்துவிட்டாள். "நான் கடைசியா எப்ப ஒத்தையில இருந்தேன்னு நெனச்சுப் பாக்குறேன். பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி, ஒரு நாளு மழையில மாட்டிக்கிட்டு ரப்பர் ஸ்தோர் ஓரமா நின்னேன். ஒரு ஆளு இல்ல. நல்லா இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "பதிமூணு வருசம் ஆச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சன்னாசி சமாளித்திருப்பான். அவனுக்கு அவமானமாக இருந்தது. மேசை முன் நின்றபோதுகூட அவனுக்கு அவ்வளவு அவமானமாக இல்லை.

திங்கள்கிழமை அவள் ஆபீசுக்குப் போனாள். "எதுக்கு?" என்றார் கிராணி. "மூலிகை பறிக்க," என்றாள். கிராணி நாக்கை ஒருமுறை வாய்க்குள் தடவிப் பார்த்துக்கொண்டு, மறுபேச்சு இல்லாமல் எழுதினார்.

இரண்டரை மணிக்கு மங்கம்மா கேட்டைத் தாண்டினாள். வேலிக்கு உள்ளே சன்னாசி நின்றான். கடைக்குட்டி முதுகில், நாலாவது தோளில், இன்னொன்று காலைக் கட்டிக்கொண்டு. கோப்பரல் அவனைச் சுற்றிவந்து, பின்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"டுக்கோங் ஆனாக்," என்றார், அடையாளம் கண்டுபிடித்தவர் போல.

9

மங்கம்மா கட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சன்னாசியைக் கோப்பரல் பின்தொடர்ந்தார். அவளைக் கோப்பரல் பின்தொடரவில்லை. நானும் தொடரப்போவதில்லை. ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று எழுத, நான் அங்கே ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். நான் நின்றால் நீங்களும் வந்து எட்டிப் பார்ப்பீர்கள். அப்புறம் அவள் எப்படித் தனியாக இருப்பாள்?

ஆகவே அந்த அரை மணி நேரத்தை இங்கே காலியாக விடுகிறேன். நிரப்ப வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

(

)

10

மூன்றரைக்கு மங்கம்மா கேட்டுக்குத் திரும்பினாள். விதிப்படி கோப்பரல் கையை நீட்டினார். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு புல்கூட இல்லை.

"எங்கே மருந்து?"

"அங்கயே குடிச்சிட்டேன் துவான்."

கோப்பரல் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்.